பூசணமும் பெட்டியும்: கோலார் தங்கவயல் தமிழர் இல்லங்களில் பொருட்காப்பு

வீட்டுப் பொருள்களின் வரலாறு பெரும்பாலும் அவை செய்யப்பட்ட வரலாறாகவோ வாங்கப்பட்ட வரலாறாகவோ எழுதப்படுகின்றது. அவை கெட்டுப்போன வகையையும் கெடாமல் காக்கப்பட்ட வகையையும் ஆராய்ந்தோர் மிகக் குறைவு. ஏட்டுச்சுவடிகளுக்கு மட்டும் இதில் விலக்கு உண்டு. கறையானும் இராமபாணப் பூச்சியும் தமிழ் இலக்கியத்திற்குச் செய்த கேடு பதிப்பு வரலாற்றில் ஒரு பகுதியாகவே இடம்பெற்றுவிட்டது. ஆனால் ஒரு தொழிலாளர் குடும்பத்தின் தகரப் பெட்டிக்குள் இருந்த கூறைச்சேலைக்கும், திருமணப் புகைப்படத்திற்கும், வார இதழ்க் கட்டுக்கும் நேர்ந்தது என்ன என்பது எங்கும் எழுதப்படவில்லை. கருநாடகத்தின் கோலார் தங்கவயல் இவ்வகையில் ஆராயத்தக்க இடமாகும். அங்கே குடியேறிய தமிழர்களின் எழுத்து வரலாற்றில் ஒரு பெரும்பகுதி அரசு ஆவணக் காப்பகங்களில் அன்றி இத்தகைய பெட்டிகளிலேயே தங்கி இருந்தது.

1. குடியேற்றமும் குடியிருப்பும்

1802ஆம் ஆண்டில் லெப்டினன்ட் ஜான் வாரன் இப்பகுதியில் பொன் கிடைப்பதைக் குறித்தெழுதினார். 1873இல் மைக்கேல் லாவெல் என்னும் முன்னாள் படைவீரர் அகழ்வுரிமை கோரினார். 1880களில் ஜான் டெய்லர் நிறுவனத்தார் பொறுப்பேற்ற பின்னரே சுரங்கத் தொழில் நிலைபெற்றது. வட ஆற்காடு, சேலம், சித்தூர் பகுதிகளிலிருந்து தமிழர்களும் தெலுங்கர்களும் திரளாக வந்து சேர்ந்தனர். அவர்களுள் ஒடுக்கப்பட்ட சாதியினரே மிகுதியர். 1894இல் பவுரிங்பேட்டையிலிருந்து, அதாவது இன்றைய பங்காருப்பேட்டையிலிருந்து, மாரிக்குப்பம் வரை இருப்புப்பாதை அமைந்தது. 1902இல் காவிரியின் சிவசமுத்திர அருவியிலிருந்து மின்னாற்றல் வந்தது. அம்மின்னாற்றல் முதலில் சென்றது சுரங்க இயந்திரங்களுக்கே. தொழிலாளர் குடியிருப்புகளுக்கு அன்று.

அக்குடியிருப்புகள் 'லைன்' எனப்பட்டன. வரிசை வரிசையாக அமைந்த சிறு அறைகள் அவை. மூங்கில் தட்டியே சுவர், அதன்மேல் மண்பூச்சு, தலைக்குமேல் தகரம். தட்டி வீடு என்னும் பெயர் இன்றளவும் வழங்குகின்றது. இவ்வமைப்பைப் பூசணம் வளர்வதற்கென்றே திட்டமிட்டுக் கட்டியது போலும் எனக் கூறுவது மிகையாகாது. மூங்கிலில் மாவுச்சத்து உண்டு. மழைநீரை உறிஞ்சிய மண்பூச்சு அதனை நாட்கணக்கில் ஈரமாக வைத்திருக்கும். தங்கவயல் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 850 மீட்டர் உயரத்தில் உள்ளது. மார்கழி, தை மாதங்களில் இரவு நன்கு குளிரும். தகரக்கூரை தன் வெப்பத்தை வானுக்கு விரைந்து இழந்துவிடும். உள்ளே அடுப்பு எரிகிறது; பலர் நெருங்கி உறங்குகின்றனர்; அவர்தம் மூச்சிலும் சமையலிலும் எழுந்த ஆவி குளிர்ந்த தகரத்தில் பட்டு நீர்த்துளியாகின்றது. விடியலில் மழையின்றியே கூரை சொட்டும். அத்துளிகள் விழும் இடம் பெரும்பாலும் சுவரோரமாக அடுக்கப்பட்ட பெட்டிகளின் மேற்புறமே.

சுரங்கம் ஆழமாக ஆக அதன் வெப்பமும் மிகுந்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3,000 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தை எட்டியது. அங்கே வேலை செய்து மீண்டோரின் உடுப்பு வியர்வையால் நனைந்திருக்கும். மூன்று நேர முறை வேலையில் ஒருவர் வருவதும் ஒருவர் போவதுமாக இருந்த வீட்டில், ஈர உடுப்பு ஏதேனும் ஒன்று எப்போதும் கொடியில் தொங்கிக்கொண்டே இருந்தது. பூசணத்தைத் தூய்மைக் குறைவின் அடையாளமாகக் கருதும் வழக்கம் அன்றும் இருந்தது; இன்றும் உள்ளது. சுவரும் கூரையும் செய்த குற்றத்திற்குக் குடியிருந்தோர் பழி சுமந்தனர் என்பதே உண்மைக்குப் பொருந்துவதாகும்.

2. சொல் வரலாறு

தங்கவயல் தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் வழங்கும் ஊர். இம்மொழிகள் இக்கேட்டிற்கு வழங்கும் பெயர்களை ஒப்பிட்டு நோக்குதல் பயன் தரும்.

தமிழில் பூசணம், பூஞ்சணம் என்னும் வடிவங்கள் உள்ளன. மலையாளத்தில் பூப்பல் என்பர். கன்னடத்தில் பூஜு, பூஷ்டு, தெலுங்கில் பூஜு. கன்னட, தெலுங்கு வடிவங்களில் முதலெழுத்து ஒலிப்புடையது. தமிழ் எழுத்தில் இவ்வேறுபாடு புலப்படாது; காதிலேயே தெரியும். தமிழ், மலையாள வடிவங்களைப் 'பூ' என்னும் பெயரோடும் 'பூத்தல்' என்னும் வினையோடும் இணைத்து உணர்வதில் பேசுவோர்க்கு இடர்ப்பாடு ஏதுமில்லை. கன்னடத்தில் நிலை வேறு. அம்மொழியில் ஏறத்தாழ பத்தாம் நூற்றாண்டு முதல் சொல்முதற் பகரம் ஹகரமாக மாறத் தொடங்கியது. பழங்கன்னடப் 'பூ' இன்று 'ஹூ' ஆகிவிட்டது. பூசணத்தைக் குறிக்கும் சொல்லோ அவ்வாறு மாறவில்லை. அம்மாற்றம் நிகழ்ந்த காலத்திலேயே இச்சொல்லின் முதலொலி ஒலிப்புடையதாகி இருந்தமையால் அது தப்பியது எனக் கருத இடமுண்டு. இதனால் இன்றைய கன்னடம் பேசுவோர்க்கு மலருக்கும் பூசணத்திற்கும் இடையே தொடர்பு ஏதும் தோன்றுவதில்லை. தமிழர்க்கு அத்தொடர்பு கண்முன் நிற்கின்றது.

பொருளிலும் வேறுபாடு உண்டு. தெலுங்கில் பூஜு என்பது பூசணத்தையும் சிலந்திக்கூட்டையும் ஒருங்கே குறிக்கும். பூஜு துலுபுதல் என்றால் அத்தெலுங்கு வீட்டில் நிகழ்வது ஒட்டடை அடித்தல். தமிழில் ஒட்டடை வேறு, பூசணம் வேறு. ஒன்று துடைப்பத்தால் போவது. மற்றொன்று துடைத்தாலும் திரும்ப வருவது. அண்டை வீட்டாரிடையே இவ்விரு வழக்கும் கலக்கும்போது, எதனை எவ்வாறு நீக்குவது என்பதிலும் குழப்பம் நேர வாய்ப்புண்டு.

தமிழில் 'பூத்தல்' என்னும் வினை மலர்தலை மட்டும் குறிப்பதன்று. நீறு பூத்தல், வியர்வை பூத்தல், கண் பூத்தல், உப்புப் பூத்தல், பூசணம் பூத்தல் எனப் பலவாறு வரும். இவை அனைத்திலும் ஒரு பொதுப்பொருள் உண்டு: உள்ளே இருந்த ஒன்று மேற்பரப்பில் மெல்லிய படலமாக வெளிப்படுதல். இச்சொல்வழக்கு நுட்பமான ஓர் உற்றுநோக்கலைத் தன்னுள் கொண்டுள்ளது. சுவரில் வெண்மையாகக் காண்பது எல்லாம் பூசணம் அன்று. ஓதம் ஏறிய சுவரில் உப்பும் வெண்மையாகவே பூக்கும். ஒரு துளி நீரைத் தொட்டு வைத்தால் உப்புக் கரைந்து மறையும். பூசணம் கரையாது, கசங்கிப் படியும். இரண்டுக்கும் வினை ஒன்றாயினும் எழுவாயைத் தமிழர் தவறாமல் பிரித்தே சொல்லி வந்துள்ளனர்.

ஈரத்தால் வரும் கேடுகளுக்குத் தமிழில் உள்ள சொற்செறிவும் கருதத்தக்கது. அப்பளமும் தீக்குச்சியும் நமுக்கும், சோறு ஊசும், இலையும் துணியும் மக்கும், காயாத துணியில் சிக்கு நாற்றம் எழும், சுவரில் ஓதம் ஏறும். பூச்சிகளால் வரும் கேட்டிற்கு இவற்றுள் எதுவும் வழங்காது. அங்கே அரித்தல் என்பதே வினை: செல்லரித்தல், அந்து அரித்தல். கேட்டின் காரணம் ஈரமா, உயிரியா என்பதை வினைச்சொல்லே காட்டிவிடுகின்றது.

அறிவியல் பாடநூல்கள் இன்று வழங்கும் 'பூஞ்சை' என்னும் கலைச்சொல் மக்கள் வழக்கில் வேறொரு பொருளிலும் உண்டு. பூஞ்சை உடம்பு என்றால் மெலிந்த, வலிமையற்ற உடம்பு. சுரங்கத் தூசியால் நுரையீரல் கெட்டோர் மிகுந்த ஓர் ஊரில் இவ்விரு பொருளும் ஒன்றன்மீது ஒன்று விழுகின்றன. கற்றூள் படிந்து தழும்பேறிய நுரையீரலில் பூசண நுண்வித்துகள் தங்கி நோய் செய்தல் எளிது. ஆகவே பழம்பெட்டியைத் திறந்து உதறும் வேலையை வீட்டிலிருக்கும் ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளரிடம் விடுதல் தகாது. இது சொல்லாராய்ச்சிக்குப் புறம்பான செய்தியே ஆயினும் இங்குச் சொல்லாமல் விடத்தக்கதன்று.

3. காப்பு முறைகள்

1898இல் மைசூர் அரசில் பிளேக் நோய் பரவியது. அக்காலத்தில் இந்திய நகரங்கள் பலவற்றில் சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடித்தல், கூரையைப் பிரித்து வெயில் விடுதல், துணிமணிகளை வெளியே பரப்புதல், ஐயத்திற்குரிய பொருள்களை எரித்தல் ஆகியன கட்டாயமாக நடைபெற்றன. நோய் ஈரத்தரையிலும் அழுக்குத் துணியிலும் உறைகின்றது என்னும் கருத்தே இதற்கு அடிப்படை. எலியின் தெள்ளுப்பூச்சியே நோயைப் பரப்புகின்றது என்று பால் லூயி சிமோன் என்னும் பிரெஞ்சு மருத்துவர் அதே 1898இல் எடுத்துரைத்தார். அதனை உலகம் ஏற்கச் சில ஆண்டுகள் ஆயின. பிளேக்கிற்கு எதிராகப் பயன் குறைந்த வெயிலும் சுண்ணாம்பும் பூசணத்திற்கு எதிராக நல்ல மருந்துகள் என்பது ஒரு வேடிக்கையான பொருத்தமாகும். ஆனால் எளியோர் அந்நாளில் கற்றது வேறு. அதிகாரி வந்தால் பெட்டி வெளியே போகும், சில பொருள்கள் திரும்ப வாரா என்பதே அவர்கள் கற்ற பாடம். பின்னாளில் தங்கத் திருட்டைத் தடுக்கும் பெயரால் நடந்த வீட்டுச் சோதனைகளும் பெட்டிகளைக் கவிழ்த்தன. பெட்டியை இறுகப் பூட்டி மூலையில் ஒதுக்கி வைக்கும் பழக்கம் இவ்வாறு வலுப்பெற்றிருத்தல் கூடும். இறுகப் பூட்டிய பெட்டியே பூசணத்திற்கு உகந்த இடம்.

வெயிலில் இடுதல் தமிழர் நெடுங்காலமாக அறிந்த முறை. பூசணம் வளர்வதற்குக் காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 65 விழுக்காட்டிற்கு மேல் நீடித்து நிற்க வேண்டும். வெயில் ஈரத்தை வாங்கிவிடுவதால் வளர்ச்சி நிற்கும். ஆயினும் நுண்வித்துகள் எல்லாம் அழிவதில்லை. அவை உறங்கிக் கிடந்து அடுத்த ஈரத்தில் மீண்டும் எழும். தங்கவயலில் இம்முறைக்குத் தனியானதோர் இடையூறு இருந்தது. பொன் பிரித்தபின் கொட்டப்பட்ட சயனைடு மண் மேடுமேடாக ஊரைச் சூழ்ந்து நின்றது. ஆடிக்காற்றில் அம்மாவு மண் பறந்து காயவைத்த துணியின்மேல் படிந்தது. பெரிய மழைகள் அங்கே புரட்டாசி, ஐப்பசியில் பெய்வன. மழைக்கு முன் பெட்டியை வெயில் காட்ட வேண்டிய காலமும் மண் பறக்கும் காலமும் ஏறக்குறைய ஒன்றாகவே அமைந்தன. காற்றடங்கிய முற்பகலே இதற்கு ஏற்ற பொழுது.

பெட்டிக்குள் இடும் பொருள்களில் அந்துருண்டையே இன்று பெருவழக்கு. அதன் பெயரே அதன் எல்லையைச் சொல்லிவிடுகின்றது. அந்து என்பது பூச்சி. பூசணத்தை அது தடுப்பதில்லை. நாற்றம் மறைவதால் கேடு நீங்கியதாக ஒரு மயக்கம் ஏற்படுகின்றது, அவ்வளவே. இதனினும் சிறந்தவை பழைய பொருள்கள். தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தில் வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, பட்டை ஆகியவற்றின் பொடியோடு கற்பூரம் சேர்த்துச் சிறு பொட்டலங்களாக்கிச் சுவடிகளுக்கிடையே வைக்கும் முறை நன்கறியப்பட்டது. ஓமத்தின் கதை இன்னும் சுவையானது. ஓமத்தின் எண்ணெயிலுள்ள தைமால் என்னும் பொருள் பூசணத்தைக் கொல்லவல்லது. முதல் உலகப் போருக்கு முன்னர் இந்திய ஓமம் செருமனிக்குக் கப்பலேறி, அங்கே தைமாலாக வடிக்கப்பட்டது. பின்னர் ஆவணக் காப்பகங்களில் பூசணம் பிடித்த தாள்களுக்குத் தைமால் ஆவியூட்டுதல் ஏற்ற முறையாக நிலைபெற்றது. இந்தியத் தேசிய ஆவணக் காப்பகமும் இதனைப் பரிந்துரைத்தது. கைப்பெட்டியில் ஓமப் பொட்டலம் வைத்த பாட்டியின் அறிவு இவ்வாறு நெடுந்தொலைவு சுற்றி நூலகத்திற்கு வந்து சேர்ந்தது. தைமால் ஆவி மனிதர்க்குத் தீங்கு செய்வதாலும், ஆவியூட்டியபின் காப்பு நீடிப்பதில்லை என்பதாலும் அம்முறை இன்று பெரிதும் கைவிடப்பட்டுள்ளது. ஓமம், வசம்பு, வேப்பிலை எதுவாயினும் பெட்டி ஈரமாக இருக்கும்வரை பயன் சிறிதே.

நீக்கும் முறையில் மக்கள் பெரிதும் தவறுவது ஓரிடத்தில்தான். பூசணம் கண்டவுடன் ஈரத்துணியால் துடைக்கின்றனர். உயிருள்ள பூசணம் வழவழப்பானது. ஈரத்துணி அதனை இழைகளுக்குள் அழுத்தித் தேய்ப்பதோடு அது விரும்பும் நீரையும் ஊட்டுகின்றது. முதலில் உலர்த்தல் வேண்டும். நன்கு உலர்ந்தபின் பூசணம் பொடியாகிவிடும். அப்பொழுது வீட்டிற்கு வெளியே, காற்று வீசும் திசைக்கு முதுகு காட்டி நின்று, மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொண்டு மென்மையான தூரிகையால் துடைத்தல் முறை. பருத்தித் துணியை அதன்பின் வெந்நீரும் சவர்க்காரமும் இட்டு வெளுக்கலாம். பட்டுச்சேலையை அவ்வாறு செய்தல் ஆகாது. நிழலில் உலர்த்தி, மடிப்பை மாற்றி, பழைய வெள்ளை வேட்டித் துணியில் சுற்றி வைத்தல் வேண்டும். மரப்பெட்டியை மணல்தாளால் தேய்ப்போர் உளர். அது நுண்வித்துகளை வீடெங்கும் பரப்பும். தகரப் பெட்டியைச் சோடா உப்பு நீரால் கழுவி வெயிலில் கவிழ்த்து, துரு இருப்பின் நீக்கி, அடியில் இரண்டு செங்கல் வைத்துச் சுவரிலிருந்து ஒரு சாண் விலக்கி வைத்தாலே பாதித் தொல்லை தீரும். புகைப்படத்தின் மேற்பூச்சு செலட்டின் என்னும் விலங்குப் பசையால் ஆனது. பூசணத்திற்கு அதுவே உணவு. நீர் பட்டால் படமே கையோடு வந்துவிடும். தோற்பொருள்களும் அவ்வாறே எளிதில் பூக்கும். பறையை அடிக்குமுன் தீயில் காய்ச்சுவது ஓசைக்காகவே ஆயினும், அடிக்கடி முழங்கும் பறையில் பூசணம் சேர்வதில்லை என்பது அதன் உடன்பயன்.

விறகடுப்பு இருந்த காலத்தில் அதன் புகை தட்டியையும் பரணையும் ஓரளவு காத்தது. எரிவாயு வந்தபின் புகை போயிற்று. கண்ணுக்கும் மார்புக்கும் நன்மையே. ஆயின் எரிவாயு எரியும்போது எழும் நீராவி, சாளரமற்ற அறையில் வெளியேற வழியின்றி நிற்கின்றது.

4. தாள்கள்

இவ்வூர்ப் பெட்டிகளின் தனிச்சிறப்பு அவற்றிலிருந்த தாள்களே. அயோத்திதாசர் 1907 சூன் 19ஆம் நாள் சென்னை இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' என்னும் வார இதழைத் தொடங்கினார். மறு ஆண்டில் அது 'தமிழன்' எனப் பெயர் பெற்றது. மாரிக்குப்பத்தில் பௌத்த சங்கக் கிளை செயற்பட்டது. தங்கவயல் தொழிலாளர்களிடையே இதழுக்கு வாசகர் பலர் இருந்தனர். 1914இல் அயோத்திதாசர் மறைந்தார். பின்னர் 1926இல் தங்கவயலிலிருந்தே பண்டிதர் ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு 'தமிழன்' மீண்டும் வெளிவந்தது. அவ்வூரின் சித்தார்த்தா புத்தகசாலை அயோத்திதாசரின் நூல்களை வெளியிட்டது. படிப்பறிவு மறுக்கப்பட்டவர்கள் எனக் கருதப்பட்ட மக்கள் தங்கள் சிறுகூலியில் காசு கொடுத்து வாங்கிப் படித்த தாள்கள் இவை. ஒருவர் படிக்கப் பலர் கேட்டனர். படித்தபின் கட்டிப் பெட்டியில் வைத்தனர்.

இவ்வெழுத்துகளைப் பொது நூலகங்கள் போற்றிச் சேர்க்கவில்லை. 1999இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்த 'அயோத்திதாசர் சிந்தனைகள்' பாளையங்கோட்டை நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையத்தின் வழியாக இரு தொகுதிகளாக வெளிவந்தபோது தமிழ் அறிவுலகம் வியப்புற்றது. அன்பு பொன்னோவியம் போன்ற ஆர்வலர்கள் தனிப்பட்ட முறையில் இதழ்களைக் காத்து வைத்திராவிடில் அத்தொகுப்பு இயலாததாகி இருக்கும். வியப்புற்றோர் கேட்டிருக்க வேண்டிய வினா ஒன்று உண்டு: எத்தனை இதழ்கள் மக்கிப் போயின? இழந்தவற்றின் பட்டியல் எந்தக் காப்பகத்திலும் இராது. மரக்கூழாலான மலிவுத்தாள் தன் அமிலத்தாலேயே நொறுங்கும் இயல்பினது. அதன்மேல் ஓதமும் சேர்ந்தால், ஒட்டிய தாள்கள் ஒரு கட்டியாகி, பிரிக்க முயன்றால் எழுத்தோடு உரிந்துவிடும்.

2001 பிப்ரவரி 28ஆம் நாள் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. அதன்பின் பூசணத்தின் வரலாற்றிலும் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. முன்பு ஆள் நெருக்கத்தால் வீடு ஈரமானது; இப்பொழுது ஆளின்மையால் ஈரமாகின்றது. வேலை தேடி நாள்தோறும் விடியுமுன் மாரிக்குப்பத்திலிருந்து தொடர்வண்டியேறிப் பெங்களூர் சென்று இரவில் திரும்புவோர் ஆயிரக்கணக்கினர். பகல் முழுதும் கதவும் சாளரமும் அடைத்துக் கிடக்கின்றன. குடும்பத்தோடு இடம்பெயர்ந்தோரின் வீடுகள் மாதக்கணக்கில் திறக்கப்படுவதில்லை. அவ்வீடுகளில் பணிப்பதிவேடு, பணிக்கொடைத் தாள், மருத்துவச் சான்று, குடியிருப்புச் சீட்டு ஆகியன பழைய இதழ்களோடு ஒரே பெட்டியில் கிடக்கின்றன. உரிமை கோரும் ஒருவர்க்குப் பூசணம் தின்ற ஓர் எண் கூடப் பேரிழப்பாகும்.

இத்தகைய கட்டு ஒன்று கிடைக்குமாயின் செய்ய வேண்டுவன எளியவை. ஆயின் வரிசை மாறலாகாது. கட்டை அவ்விடத்திலேயே பிரிக்க முயலாமல், காற்றோடும் நிழலான அறைக்குக் கொணர்ந்து மேசைமேல் தளர்த்தி வைத்தல் வேண்டும். நேர்வெயில் மலிவுத்தாளை மேலும் பழுப்பாக்கி நொறுக்கும். மின்விசிறி ஓடலாம், அதன் காற்று தாள்மீது நேரே படுதல் கூடாது. சில தாள்களுக்கு ஒன்றாக வெள்ளைத்தாளை இடையிட்டு, அது ஈரம் வாங்கியதும் மாற்றிக்கொண்டே வருதல் வேண்டும். ஒட்டிய தாள்களைக் கத்தியால் பிரிக்காமல் விட்டுவைப்பது நன்று. ஆவணப் பாதுகாப்பு கற்றவர்கள் வந்து பிரிக்கும்வரை அவை காத்திருக்கும். உலர்ந்தபின் தூரிகை, அதன்பின்னரே படமெடுத்தல். கறை முழுதும் போக வேண்டும் என்னும் விருப்பத்தால் வெளுப்பு நீர் தடவியோர் கறையோடு எழுத்தையும் இழந்தனர். கறுப்பும் பழுப்புமாகப் புள்ளி விழுந்த தாளில் எழுத்து தெரியுமாயின் அப்புள்ளிகளை அவ்வாறே விட்டுவிடலாம்.